விரல் தெரியல

அஸ்தம்பட்டி அறையில் எல்லாம் பச்சை.
நின்றுபோன வீடியோ: பூஜ்யம்.
திரை நடுவில் சக்கரம் சுற்றிய நொடிகள்: பூஜ்யம்.
ஏ.சி. குளிருக்கு ஜெர்க்கின் போட்டுக்கொண்டு
இதயத்துல்லா போண்டாப் பொட்டலம் பிரிக்கிறான்.
போன் அடிக்கிறது, நாகலூரிலிருந்து.

நிக்குதாங்களா?
நிக்கல. ஓடுது.
அப்புறம் என்னங்க?
விரல் தெரியல.

பெயர் பொன்னுருவி. காப்பித் தோட்டத்தில் வேலை.
மகனுக்கு மூன்றரை வயது, காது கேட்காது.
நாலரைக்கு எழுந்து, உலை வைப்பதற்குள்,
சைகைமொழிப் பாடம் பார்க்கிறாள்.
ரெண்டு விரலா மூணு விரலான்னு தெரியலீங்க.
நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா
அவன் ஆருகிட்டப் போய் சரிபார்ப்பான்?

எங்கள் கணக்கில் மங்கல் ஒரு பிழையே அல்ல.
நிற்பதுதான் பிழை.
பாதை குறுகினால் படத்தை இளைக்க வை,
நாலு நாலு நொடித் துண்டாய்
எது நுழையுமோ அதை அனுப்பு.
பந்து கொஞ்சம் மசமசத்தாலும்
சிக்ஸர் சிக்ஸர்தானே
என்று எழுதியதில் பாதி நான்.

மறுநாள் மலையேறினேன்.
பதினாலாவது கொண்டை ஊசியில் ஒரு காட்டெருமை
வழிவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தது.
டவரில் டிஷ் நேராகத்தான் இருந்தது.
காற்றடித்தபோது மட்டும் பாக்கெட்டுகள் தொலைந்தன.
பைனாகுலரில் பார்த்தேன்:
சேலத்துக்கும் நாகலூருக்கும் நடுவே
ஒரு சில்வர் ஓக், இந்த வருஷம் வளர்ந்த கொழுந்து,
இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.

வெட்டவா?
மேஸ்திரி அந்தோணிசாமி அண்ணாந்து பார்த்தார்.
அடியிலிருந்து நுனிவரை மிளகுக் கொடி.
பறிக்கிற வரைக்கும் கை வெக்காதீங்க சார்,
மாசி போகட்டும்.
அது ஐப்பசி.

சரி, மரம் நிற்கட்டும், விதியை மாற்றுவோம்.
பழைய விதி பயந்தாங்கொள்ளி.
ஒரு பாக்கெட் தொலைந்தால் போதும்,
முன்னால் கூட்டம் என்று நினைத்துப் பாதியாய்ச் சுருங்கும்.
நாலரை மணி நாகலூரில் என்ன கூட்டம்?
விழித்திருப்பது அவளும் பால்வண்டியும்.
புது விதி தொலைந்ததைப் பார்த்துப் பதறாது.
வந்து சேர்ந்ததை அளக்கும்,
எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும்,
அதற்கேற்ப அடுத்ததை விடும்.

அதுவும் போதவில்லை, அடைமழை நாட்களில்.
பால் சொசைட்டியில், டிகிரி பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில்,
ஒரு சின்னப் பெட்டி வைத்தோம்.
இரவு காற்று ஓய்ந்ததும்
அடிவாரத்திலிருந்து எல்லாம் ஏறி வந்து அதில் தங்கும்,
விடிந்ததும் மலை தாண்ட வேண்டியதில்லை.

பெட்டிக்கும் ஒரு புத்தி உண்டு:
பலர் கேட்டதை வை, ஒருத்தர் கேட்டதைத் தள்ளு.
ராத்திரி பத்துக்குள்
நேற்றைய மேட்சும் யாரோ நடிகையின் கல்யாணமும்
பள்ளிபாளையம் சிக்கனும் சேர்ந்து
அவளுடைய பதினொரு பாடங்களை வெளியே தள்ளின.
தினமும்.

பதினொன்றுக்கும் ஆணி அடித்தேன்.
எது வந்தாலும் நகராது.
காரணம் எழுதும் கட்டத்தில் 'சோதனை' என்றேன்.
இதயத்துல்லா படித்துவிட்டு
எத்தனை நாளைக்குச் சோதனை, என்றான்.
பையன் வளர்ற வரைக்கும், என்றேன்.
அவன் கட்டத்தை மூடினான்.

போன வாரம் பேட்டரி மாற்றப் போனேன்.
சொசைட்டி வாசலில் தூக்குப்போசியோடு அவள்,
இடுப்பில் பையன்.
இப்போ தெரியுதுங்களா?
தெரியுதுங்க, நகம் வரைக்கும்.
பிறகு என்னைக் காட்டி அவனிடம்
கையால் மூன்று ஏதோ சொன்னாள்.
அவன் சிரித்த சிரிப்பில் போசி அலம்பியது.
புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிரவு அறையில் உட்கார்ந்து
பதினொன்றையும் ஓட்டினேன்.
முதலாவது ஆறாம் பாடத்தில் இருந்தது: மழை.
இரண்டாவது ஒன்பதில்: வண்டி.
மூன்றாவது எதிலும் இல்லை,
மூக்குக்குக் கீழே ஒரு விரல்
வலமும் இடமும் இழுத்து, நுனியில் முறுக்கியது.

போண்டா தின்றுகொண்டே இதயத்துல்லா
என் மீசையைப் பார்த்தான்.